கிளே பார்

கிளே பார் அல்லது துப்புரவுக் களிக்கட்டி என்பது, மகிழுந்து முதலிய ஊர்திகளின் வண்ணப்பூச்சில் ஒட்டிக்கொண்டு, நீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவினாலும் போகாத நுண்துகள்களை அகற்றப் பயன்படும் குழைவான ஒரு செயற்கைப் பொருள் ஆகும். பிசைந்து தட்டையாக்கிய களியை, வழவழப்பு நீர்மம் தெளித்த பூச்சின் மேல் மெல்லத் தேய்க்கும்போது, மேற்பரப்பிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் துகள்கள் களியில் ஒட்டி வெளியேறுகின்றன. இதன் பின் பூச்சு கண்ணாடி போன்ற வழுவழுப்பை அடைகின்றது. முறையாகப் பயன்படுத்தாவிடின் இதே பொருள் பூச்சில் நிலையான கீறல்களை உண்டாக்கக்கூடும். கடற்காற்று, தாது மணல், பலத்த காற்று, இரு பருவமழைகள் ஆகியவை ஒன்றுசேரும் கன்னியாகுமரி மாவட்டம் போன்ற பகுதிகளில் இதன் பயனும் இதனால் நேரக்கூடிய கேடும் மற்ற இடங்களைவிடக் கூடுதலாகும்.

பெயர்

இப்பொருள் களிமண்ணைப் போலக் கையால் பிசைந்து வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவரத் தக்கது என்பதால் இப்பெயர் பெற்றது. உண்மையில் இது மண் அன்று. குயவர்கள் பயன்படுத்தும் களிமண், அலுமினியம் சிலிக்கேட்டு வகைக் கனிமங்களால் ஆனது, நீர் சேர்த்தால் குழைவது, உலர்ந்தால் இறுகுவது. துப்புரவுக் களியோ பாலிபியூட்டீன் போன்ற பல்லுறுப்பிகளையும் மிக நுண்ணிய தேய்ப்புத் தூளையும் கலந்து செய்யப்படுகின்றது. இது நீரில் கரைவதில்லை. உலர்ந்து வெடிப்பதும் இல்லை. பெயர் ஒற்றுமையால் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது பிழையாகும்.

தமிழ்நாட்டில் உதிரிப்பொருள் கடைகளிலும், ஊர்தி கழுவும் நிலையங்களிலும் இது 'கிளே பார்' அல்லது சுருக்கமாகக் 'கிளே' என்றே வழங்கப்படுகின்றது. இக்கட்டுரையில் 'களி' எனக் குறிக்கப்படுவது இச்செயற்கைப் பொருளே ஆகும்.

வரலாறு

துப்புரவுக் களி யப்பானில் உருவாகியது. யப்பானியரான தடாவோ கொடாட்டே என்பவர் இதனைக் கண்டுபிடித்தவராகக் குறிப்பிடப்படுகின்றார். 'குழைவான சாணைக்கல்' என்னும் பொருள்பட அவர் பதிந்த ஐக்கிய அமெரிக்கக் காப்புரிமை 1995 ஆம் ஆண்டு வழங்கப்பட்டது. களியின் அடிப்படை இயல்பை இப்பெயரே விளக்கிவிடுகின்றது. சாணைக்கல்லைப் போல இதிலும் தேய்க்கும் துகள்கள் உள்ளன. ஆனால் அத்துகள்கள் இறுகிய கல்லில் அல்லாமல், அழுத்தினால் விலகிக்கொடுக்கும் மென்மையான பொருளில் பதிக்கப்பட்டுள்ளன.

தொடக்கத்தில் இது பூச்சுப் பட்டறைகளிலும் ஊர்தி விற்பனை நிலையங்களிலும் தொழின்முறையாளர்களால் மட்டுமே பயன்படுத்தப்பட்டது. பக்கத்து வண்டிக்குப் பூச்சுத் தெளிக்கும்போது பறந்துவந்து படியும் வண்ணத் துளிகளையும், புதிய வண்டிகளைத் தொடர்வண்டியில் ஏற்றிவரும்போது படியும் இரும்புத் துகள்களையும் நீக்குவது அப்போது முதன்மைத் தேவையாக இருந்தது. 1990களில் இது ஐக்கிய அமெரிக்காவில் பொதுமக்களுக்கான விற்பனைக்கு வந்தது. தொடக்கக் காப்புரிமைகளின் காலம் முடிந்துவிட்டதால் தற்போது பல நாடுகளில் பல நிறுவனங்கள் இதனைத் தயாரிக்கின்றன.

ஊர்திப் பூச்சின் அமைப்பு

களி எவ்வாறு செயற்படுகின்றது என்பதை அறிய, அது எதன் மேல் செயற்படுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். தற்கால மகிழுந்தின் உலோகத் தகட்டின் மேல் கீழிருந்து மேலாகப் பின்வரும் படலங்கள் அமைகின்றன.

1. பாசுபேட்டுப் படலம்: உலோகத்தின் மேல் வேதிமுறையில் உண்டாக்கப்படுவது. மேலே வரும் பூச்சு பற்றிக்கொள்ள உதவுகின்றது.
2. மின்படிவுப் பூச்சு: வண்டியின் உடலை முழுவதும் தொட்டியில் அமிழ்த்தி மின்னோட்டத்தால் படியச் செய்வது. துருவைத் தடுக்கும் முதன்மையான படலம் இதுவே. ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர் தடிப்பு உடையது.
3. பிரைமர்: மேடுபள்ளங்களைச் சமன்செய்வது. ஏறத்தாழ 30 முதல் 40 மைக்ரோமீட்டர்.
4. வண்ணப் படலம்: கண்ணுக்குத் தெரியும் நிறத்தைத் தருவது. ஏறத்தாழ 10 முதல் 20 மைக்ரோமீட்டர்.
5. தெளிபூச்சு: நிறமற்ற, ஒளி ஊடுருவும் மேற்படலம். ஏறத்தாழ 30 முதல் 50 மைக்ரோமீட்டர். பளபளப்பைத் தருவதும், கதிரவனின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சி வண்ணத்தைக் காப்பதும் இதுவே.

இவை எல்லாவற்றையும் கூட்டினாலும் மொத்தத் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. தெளிபூச்சு மட்டும் தலைமயிர் ஒன்றின் தடிப்பைவிடக் குறைவானது. இப்படலம் மனித தோலைப் போல மீண்டும் வளர்வதில்லை. ஒவ்வொரு முறை மெருகேற்றும்போதும் அதில் ஒரு பகுதி தேய்ந்து போகின்றது. தெளிபூச்சு முழுவதும் தேய்ந்த இடத்தில் வண்ணம் வெளிறி, உரிந்து, இறுதியில் உலோகம் வெளிப்படும். அந்நிலையில் மறுபூச்சு அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. பூச்சைத் தேய்க்காமல் அழுக்கை மட்டும் எடுக்கும் முறைகளுக்கு முதன்மை ஏற்பட்டதன் காரணம் இதுவே.

தெளிபூச்சு முறை 1980களுக்குப் பின்னரே பரவலாகியது. அதற்கு முன் வண்ணமும் பளபளப்பும் ஒரே படலத்தில் அமைந்திருந்தன. அம்பாசிடர், பிரிமியர் பத்மினி போன்ற பழைய வண்டிகளில் காணப்படும் இத்தகைய பூச்சைத் தேய்த்தால் வண்டியின் நிறமே களியிலும் துணியிலும் ஒட்டும். இது பழைய பூச்சின் இயல்பு. களியின் குறைபாடு அன்று.

பூச்சின் மேல் படிபவை

வண்டியின் மேல் படியும் பொருள்கள் எல்லாவற்றுக்கும் களி தேவைப்படுவதில்லை. அவற்றை நான்கு வகைகளாகப் பிரிக்கலாம்.

நீரில் கரைபவை அல்லது நீரால் அடித்துச் செல்லப்படுபவை: கடல் உப்பு, தெருப்புழுதி, சேறு, மணல் ஆகியன. இவற்றுக்கு நீரும் வண்டி சாம்பூவும் போதும்.

எண்ணெய்த் தன்மை உடையவை: சாலையில் இருந்து தெறிக்கும் தார், எரிபொருட் கறை, மரப்பிசின் ஆகியன. இவற்றை அதற்குரிய கரைப்பான் கொண்டு முதலில் இளக்க வேண்டும்.

இரும்புத் துகள்கள்: வண்டியின் பிரேக்குத் தட்டு தேயும்போது பறப்பவை, தொடர்வண்டிச் சக்கரமும் தண்டவாளமும் உராயும்போது பறப்பவை, இரும்புப் பட்டறைகளில் அறுக்கும்போது பறப்பவை ஆகியன. இவை சூடாகப் பறந்துவந்து பூச்சில் குத்தி நிற்கும்; பின்னர் ஈரத்தில் துருப்பிடிக்கும். வெள்ளை நிற வண்டிகளில் செம்பழுப்புப் புள்ளிகளாகத் தெளிவாகத் தெரியும்.

ஒட்டிய திண்மங்கள்: பறந்துவந்த வண்ணத் துளிகள், ஆலைப்புகைப் படிவு, காய்ந்த பிசினின் எச்சம், மெல்லிய சிமெந்துத் தூசி ஆகியன. களியின் சிறப்பான பயன் இவ்வகையிலும், முந்தைய வகையில் எஞ்சியவற்றிலும் ஆகும்.

செயற்படும் முறை

பூச்சில் ஒட்டிய துகள் ஒன்றை ஒரு சிறு முளையாகக் கருதலாம். அதன் அடிப்பகுதி பூச்சில் ஒட்டியும் மேற்பகுதி வெளியே நீட்டிக்கொண்டும் இருக்கும். துணியால் துடைக்கும்போது துணி முளையின் மேல் ஏறி இறங்கிவிடும். களியோ குழைவானது, முளையைச் சுற்றி வளைந்து அதனைப் பக்கவாட்டில் பற்றிக்கொள்ளும். கை நகரும்போது ஏற்படும் பக்கவாட்டு விசை முளையைப் பிடுங்கிவிடுகின்றது. களியிலுள்ள நுண்ணிய தேய்ப்புத் தூள் முளையின் தலையைத் தேய்த்தும் உதவுகின்றது. பிடுங்கப்பட்ட துகள் களிக்குள் புதைந்துவிடும்.

இதில் வழவழப்பு நீர்மத்தின் பங்கு முதன்மையானது. நீர்மம் களிக்கும் தட்டையான பூச்சுக்கும் இடையே ஒரு மெல்லிய படலமாக நின்று இரண்டும் நேரடியாக உராயாமல் காக்கின்றது. நீர்மப் படலத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் துகள்கள் மட்டுமே களியிடம் அகப்படுகின்றன. நீர்மம் இன்றித் தேய்த்தால் களி பூச்சிலேயே ஒட்டிக்கொண்டு பிசுபிசுப்பான கறையை உண்டாக்கும், பூச்சும் மங்கும்.

களி மேற்பரப்புக்கு மேலே உள்ளதை மட்டுமே எடுக்கும், கீழே உள்ளதை எடுக்காது என்பதும் இவ்விளக்கத்தில் இருந்து பெறப்படும். கீறல் என்பது பள்ளம். பள்ளத்தைக் களியால் நிரப்பவோ சமன்செய்யவோ இயலாது.

வகைகள்

களி பொதுவாக மென்மை, நடுத்தரம், கடினம் என மூன்று தரங்களில் விற்கப்படுகின்றது. மென்மையான வகை வழக்கமான பராமரிப்புக்கு உரியது. நடுத்தர வகை பல ஆண்டுகள் கவனிக்கப்படாத வண்டிகளுக்கு உரியது. கடின வகை பூச்சுத் துளிகள் போன்ற கடும் படிவுகளுக்கு உரியது. இதனைப் பயன்படுத்திய பின் பெரும்பாலும் மெருகேற்ற வேண்டியிருக்கும். தரத்தைக் குறிக்க நிறங்கள் பயன்படுத்தப்படுகின்றன எனினும், நிறுவனத்துக்கு நிறுவனம் இவை வேறுபடுவதால் நிறத்தை மட்டும் நம்பித் தேர்ந்தெடுத்தல் கூடாது.

கட்டிக் களிக்கு மாற்றாக, ஒருபுறம் செயற்கை இறப்பர்ப் படலம் ஒட்டிய துணி, கையுறை, பஞ்சுக்கட்டை ஆகியனவும் கிடைக்கின்றன. இவை விரைவாகச் செயற்படுபவை. கீழே விழுந்தால் கழுவி மீண்டும் பயன்படுத்தத் தக்கவை. ஆனால் கட்டிக் களியைப் போலத் துகளை உள்ளே புதைத்துக்கொள்ளும் தன்மை இவற்றுக்கு இல்லை; ஆகவே அடிக்கடி அலச வேண்டும்.

பயன்படுத்தும் முறை

தேவையை அறிதல்: வண்டியைக் கழுவித் துடைத்த பின், மெல்லிய நெகிழிப் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பூச்சின் மேல் விரல்நுனியால் மெல்லத் தடவ வேண்டும். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பையினூடாகத் தெளிவாகத் தெரியும். சொரசொரப்பு இல்லாவிடின் களி தேவை இல்லை.

கழுவுதல்: முதலில் நீரைப் பீய்ச்சித் தளர்ந்த மணலையும் புழுதியையும் முழுவதும் அகற்ற வேண்டும். பின் வண்டி சாம்பூ கொண்டு மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். இப்படியைத் தவிர்த்தலோ அரைகுறையாகச் செய்தலோதான் களியால் ஏற்படும் கீறல்களுக்குப் பெரும்பாலும் காரணமாகின்றது. களியில் மணல் ஒட்டினால் அது உப்புத்தாளாக மாறிவிடும்.

இரும்பும் தாரும் நீக்கல்: தேவைப்படின் தார் நீக்கியையும் இரும்பு நீக்கியையும் பயன்படுத்தலாம். இரும்பு நீக்கிகளில் தயோகிளைக்கோலேட்டு வகைச் சேர்மங்கள் உள்ளன. இவை இரும்புடன் சேர்ந்து ஊதா நிறமாக மாறுவதால், துகள் எங்குள்ளது என்பதையும் காட்டிவிடுகின்றன. நிறம் மாறியதும், நீர்மம் காயுமுன் அலசிவிட வேண்டும்.

களியிடுதல்: கட்டியில் இருந்து மூன்று விரல்களால் பிடிக்கத்தக்க அளவு பிய்த்துப் பிசைந்து தட்டையாக்க வேண்டும். வண்டி நிழலில் நிற்க வேண்டும்; பூச்சு தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். ஒரு நேரத்தில் அரை மீட்டர்ச் சதுரம் அளவான பகுதியை எடுத்துக்கொண்டு நீர்மத்தைத் தாராளமாகத் தெளித்து, களியின் சொந்த எடைக்குச் சற்றே கூடிய அழுத்தத்துடன் நேர்கோட்டில் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். வட்டமாகத் தேய்த்தல் கூடாது. நேர்கோட்டில் ஏற்படும் மெல்லிய தடம் எளிதில் தெரியாது. வட்டத் தடமோ வெயிலில் சிலந்தி வலை போலத் தெரியும். தொடக்கத்தில் கையில் தடையும் காதில் 'சரசர' என்னும் ஒலியும் இருக்கும். இரண்டும் நின்றுவிட்டால் அப்பகுதி முடிந்தது எனக் கொள்ளலாம்.

மடித்தல்: ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் களியின் முகத்தைப் பார்த்து, அழுக்கேறியிருந்தால் உள்ளே மடித்துப் பிசைந்து புதிய முகத்தை வெளிக்கொணர வேண்டும். எங்கு பிசைந்தாலும் கருமையாகத் தெரிந்தால் அத்துண்டின் பயன் முடிந்தது.

வரிசை: மேற்கூரை, பானெட், டிக்கி, கதவுகளின் மேற்பகுதி, கதவுகளின் கீழ்ப்பகுதி, பம்பர் என்னும் வரிசை பொருத்தமானது. சக்கரங்களுக்குப் பயன்படுத்திய துண்டை மீண்டும் பூச்சுக்குக் கொண்டுவரல் ஆகாது. கண்ணாடிக்கும் களியிடலாம்; இதற்கும் தனித் துண்டு நன்று.

காப்பிடுதல்: களி பழைய மெழுகையும் பெருமளவில் எடுத்துவிடுவதால் பூச்சு காப்பற்ற நிலையில் இருக்கும். ஆகவே அன்றே மெழுகு அல்லது சீலன்டு பூச வேண்டும். இப்படி தவிர்க்கப்பட்டால் பூச்சு முன்னைவிட விரைவில் அழுக்கேறும்.

கீழே விழுந்த களி: தரையில் விழுந்த களித் துண்டை எக்காரணம் கொண்டும் மீண்டும் பூச்சில் பயன்படுத்தல் கூடாது. அதில் ஒட்டிய மணலைக் கழுவியோ கிள்ளியோ முற்றிலும் அகற்ற இயலாது. முழுக் கட்டியையும் ஒரே நேரத்தில் எடுக்காமல் சிறு துண்டுகளாகப் பிய்த்துக்கொள்ளச் சொல்வது இதனாலேயே.

ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு முறைக்கு மேல் களியிடும் தேவை பொதுவாக ஏற்படுவதில்லை.

களியால் இயலாதவை

- கீறல்கள், சுழல் தடங்கள், கல் தெறித்த வடுக்கள் ஆகியவற்றை நீக்காது.
- பறவை எச்சத்தின் அமிலத்தன்மையால் தெளிபூச்சு அரிக்கப்பட்ட தடத்தை மாற்றாது.
- உவர்நீர் காய்ந்து பூச்சுக்குள் இறங்கிய வட்டக் கறையை நீக்காது. மேலே படிந்த புதிய உப்புக் கறையை மட்டும் ஓரளவு குறைக்கும்.
- வெயிலில் வெளிறிய வண்ணத்தை மீட்காது.
- மஞ்சளாகிப்போன முகப்பு விளக்கு மூடியைத் தெளிவாக்காது.
- துருவை நிறுத்தாது. புள்ளியாகத் தெரிவது பூச்சின் மேல் ஒட்டிய வெளித்துகளின் துருவாயின் களி எடுக்கும். தகட்டின் உள்ளிருந்து கிளம்பும் துருவாயின் எடுக்காது. பூச்சு கொப்புளமாக உயர்ந்திருத்தல் இரண்டாவதன் அடையாளம்.

பளபளப்பற்ற மட்டுப் பூச்சுகளிலும், அண்மையில் மறுபூச்சு அடித்து முழுமையாக இறுகாத பரப்புகளிலும் களியிடல் கூடாது.

கன்னியாகுமரி மாவட்டச் சூழலில்

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டுடன் இணைந்தது. இதன் கிழக்குப் பகுதியான தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் நாஞ்சில் நாடு என வழங்கப்படுகின்றன. மலை, வயல், கடற்கரை மூன்றும் சிறு பரப்புக்குள் அமைந்திருப்பதால், ஒரே நாளில் ஓடும் வண்டி பலவகைப் படிவுகளுக்கும் உள்ளாகின்றது.

கடற்காற்று

மாவட்டத்தின் தெற்கும் மேற்கும் கடலை ஒட்டியுள்ளன. கன்னியாகுமரி, சின்னமுட்டம், முட்டம், குளச்சல் போன்ற ஊர்களில் அலைகள் சிதறும்போது எழும் உப்புத் திவலைகள் காற்றில் கலந்து வண்டிகளின் மேல் படிகின்றன. நாகர்கோவிலும் கடலுக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சோடியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துத் தானே கரைசலாகிவிடும் இயல்புடையது. கடற்கரையில் இரவு நேரங்களில் இந்நிலை எளிதில் ஏற்படுவதால், மழை பெய்யாத நாளிலும் வண்டியின் இடுக்குகளில் உப்புநீர் தங்குகின்றது.

உப்பு நீரில் கரைவது. அதற்குக் களி தேவை இல்லை. உப்பினால் முதலில் கேடுறுவது பளபளக்கும் மேற்புறமும் அன்று. கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவின் உட்புறம், அடித்தளம் ஆகிய மறைவிடங்களிலேயே துரு தொடங்குகின்றது. களியும் மெழுகும் எட்டாத இடங்கள் இவை. ஆகவே கடலோர ஊர்களில் ஓடும் வண்டிக்கு வாரந்தோறும் நன்னீரால் அடிப்பகுதியை அலசுதல் முதன்மையானது; களியிடுதல் அதற்கு அடுத்ததே. மேற்புறம் வழுவழுப்பாக இருப்பதை வைத்து வண்டி துருவில் இருந்து காக்கப்பட்டுள்ளது எனக் கருதலாகாது.

தாது மணல்

மணவாளக்குறிச்சிக் கடற்கரை கனத்த தாதுக்கள் நிறைந்த மணலுக்குப் பெயர்பெற்றது. 1909 ஆம் ஆண்டு சோம்பர்க்கு என்னும் செருமானிய வேதியியலாளர் இப்பகுதி மணலில் மோனசைட்டு இருப்பதைக் கண்டறிந்தார். பின்னாளில் இந்திய அருமண் நிறுவனத்தின் ஆலை இங்கு அமைந்தது. இல்மனைட்டு, உரூட்டைல், சிர்க்கோன், கார்னெட்டு, மோனசைட்டு ஆகியன இம்மணலில் இருந்து பிரிக்கப்படுகின்றன.

இவற்றுள் இல்மனைட்டும் உரூட்டைலும் தைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்ணிறமியின் மூலப்பொருள்கள் ஆகும். வெள்ளை மகிழுந்தின் வெண்மை இந்நிறமியினாலேயே உண்டாகின்றது. அண்டை மாநிலமான கேரளத்தில் சவறாவில் உள்ள கேரளா மினரல்சு அன்டு மெட்டல்சு நிறுவனம் கடற்கரை இல்மனைட்டில் இருந்தே இந்நிறமியைத் தயாரிக்கின்றது. பூச்சுக்கு நிறம் கொடுக்கும் தாது கலந்த மணலே, பூச்சின் மேல் தேய்க்கப்படும்போது அதற்குப் பெருங்கேடு விளைவிப்பதாகவும் உள்ளது.

மோவின் கடினத்தன்மை அளவுகோலில் இல்மனைட்டு 5 முதல் 6, குவார்ட்சு 7, கார்னெட்டு 6.5 முதல் 7.5, சிர்க்கோன் 7.5 ஆகும். பல்லுறுப்பியால் ஆன தெளிபூச்சு இவை எல்லாவற்றையும்விட மிக மென்மையானது. மேலும் கடற்கரை மணலின் பருக்கை ஒன்று ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ விட்டம் உடையது. அதாவது தெளிபூச்சின் முழுத் தடிப்பைவிட இரண்டு மடங்குக்கும் கூடுதலானது. களியில் இத்தகைய பருக்கை ஒன்று சிக்கினாலே போதும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கோடு விழும். கடற்கரைச் சாலைகளில் நிறுத்தப்பட்ட வண்டிக்கு, களியிடுமுன் கண்ணாடியின் அடி, கதவு இடுக்கு, எண்பலகையின் பின்புறம் ஆகிய இடங்களில் தங்கிய மணலை நீர் பீய்ச்சி முதலில் வெளியேற்றுதல் இன்றியமையாதது.

காற்றும் மழையும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஆரல்வாய்மொழிக் கணவாய் ஊடாகத் தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசுகின்றது. இதனை அடுத்துள்ள முப்பந்தல் பகுதியில் காற்றாலைகள் பெருமளவில் அமைந்ததற்கும் இதுவே காரணம். சூன் முதல் செப்டம்பர் வரை இக்காற்று புழுதியையும் மணலையும் வாரி அடிக்கும். அக்காலத்தில் திறந்தவெளியில் களியிடுவது பயன் தராது. நனைந்த பூச்சில் புழுதி உடனே ஒட்டும்.

இம்மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகின்றது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் வரும் சனவரி, பெப்ரவரி மாதங்களில் காற்றும் வெயிலும் தணிந்திருப்பதால் அக்காலம் களியிடுவதற்கு ஏற்றது. தென்மேற்குப் பருவம் தொடங்குமுன் மே மாதத்தில் மெழுகை மட்டும் புதுப்பித்துக்கொண்டால் மழைக்காலப் படிவுகள் பூச்சில் நேரடியாக ஒட்டுவது குறையும்.

மரங்களும் கட்டுமானமும்

வீட்டு முற்றத்தில் மா, பலா, புளி மரங்களின் நிழலில் வண்டியை நிறுத்தும் வழக்கம் மாவட்டம் முழுவதும் உண்டு. நிழல் வண்ணம் வெளிறுவதைத் தடுக்கும் எனினும், பிசினும் பறவை எச்சமும் பூச்சில் விழும். இவை காயுமுன் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் களி தேவைப்படாது. காய்ந்த பின் நகத்தால் சுரண்டுதல் ஆகாது. வெந்நீரில் நனைத்த துணியைச் சில மணித்துளிகள் மேலே வைத்து இளக்கிய பின்னரே களியிட வேண்டும்.

கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கு அருகில் நிறுத்தப்படும் வண்டிகளில் சிமெந்துப் பாலும் சுண்ணாம்பும் தெறிப்பது உண்டு. இவை காரத்தன்மை உடையவை. நாட்கணக்கில் விட்டால் தெளிபூச்சை அரிக்கும். தடித்த சிமெந்துப் பொட்டைக் களி கொண்டு உருட்டி எடுக்க முயன்றால் அது உடைந்து கூரிய துகளாகிப் பூச்சைக் கீறும். சிமெந்தை முதலில் அதற்குரிய மென்கரைப்பானால் இளக்க வேண்டும்.

நீர்

கடலோரக் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் பல இடங்களில் உவர்நீரே கிடைக்கின்றது. இந்நீர் பூச்சின் மேல் காய்ந்தால் வெள்ளை வட்டங்கள் தோன்றும். களியிடும்போது வழவழப்பு நீர்மத்தைக் கலக்கவும், இறுதியாக அலசவும் மழைநீர் அல்லது நன்னீர் பயன்படுத்துதல் நன்று. அலசிய உடனே துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும்.

தவறான பழக்கங்கள்

குளத்துக் களிமண்ணைப் பயன்படுத்தல்: 'களிமண்' என்னும் பெயரைக் கேட்டு வயல் அல்லது குளத்துக் களியைக் குழைத்துத் தேய்த்தல் பெருந்தவறு. இயற்கைக் களிமண்ணில் நுண்மணல் எப்போதும் கலந்திருக்கும். பித்தளைப் பாத்திரத்தை மண்ணும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது உலோகத்துக்குப் பொருந்தும். அங்கு தேய்வது தடித்த உலோகத்தின் மேற்படை. ஊர்திப் பூச்சுக்கு அம்முறை பொருந்தாது.

தேங்காய் நார் கொண்டு தேய்த்தல்: நாரின் முரட்டு இழைகளும் அவற்றில் தங்கும் மணலும் பூச்சைக் கீறும்.

மண்ணெண்ணெய் பூசுதல்: தாரை இளக்கும் எனினும் மெழுகையும் அகற்றிவிடும்; இறப்பர்ப் பட்டைகளை ஊதச் செய்யும். பூசிய உடன் தோன்றும் மினுக்கம் எண்ணெயின் மினுக்கமே. அதில் புழுதி விரைந்து ஒட்டும்.

துணி துவைக்கும் தூள் கொண்டு கழுவுதல்: காரம் மிகுந்த தூள்கள் காப்பு மெழுகை நீக்கிவிடும். வழவழப்பு நீர்மத்துக்கு மாற்றாகவும் இவற்றைப் பயன்படுத்தல் கூடாது. களி கரைந்து குழம்பக்கூடும்.

வெயிலில் களியிடுதல்: சூடான தகட்டில் நீர்மம் உடனே காய்ந்துவிடும், களி இளகிப் பூச்சில் அப்பிக்கொள்ளும்.

கழிவும் நீர்நிலைகளும்

துப்புரவுக் களி பெட்ரோலிய வழிப் பல்லுறுப்பி என்பதால் மண்ணில் மக்குவதில்லை. பயன்படுத்திய துண்டுகளைக் குப்பையில் சேர்க்க வேண்டும். கால்வாயிலோ வயலிலோ எறிதல் கூடாது.

கழுவுநீரும் கருதத்தக்கது. களியிடுதலுக்கு முன்னும் பின்னும் வெளியேறும் நீரில் எண்ணெய், தார் நீக்கி, இரும்பு நீக்கி, சாம்பூ ஆகியன கலந்திருக்கும். நாஞ்சில் நாட்டின் வயல்கள் பேச்சிப்பாறை அணையில் இருந்து வரும் கால்வாய்களையும் தொடர்ச்சியான குளங்களையும் நம்பியுள்ளன. இக்குளங்கள் வலசை வரும் பறவைகளின் வாழிடமும் ஆகும். சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி 2022 ஆம் ஆண்டு ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. குளக்கரையிலும் கால்வாய்ப் படித்துறையிலும் வண்டியை இறக்கிக் கழுவுவதால் இக்கலவை நேரே பாசன நீரில் சேர்கின்றது. மேலும் கரையிலுள்ள சேற்றுநீரைக் கோரி ஊற்றுவதால், அகற்ற வேண்டிய மணலே மீண்டும் பூச்சின் மேல் ஏற்றப்படுகின்றது. ஆகவே நீர்நிலைகளில் இருந்து விலகி, கழிவுநீர் தேங்கி வடிய வசதியுள்ள இடத்தில் கழுவுதல் நீருக்கும் பூச்சுக்கும் நன்று.

இவற்றையும் பார்க்க

- களிமண்
- துருப்பிடித்தல்
- தைட்டானியம் டை ஆக்சைடு
- மணவாளக்குறிச்சி
- நாஞ்சில் நாடு